'மூணு வேலை சொன்னா ஒண்ணுதான் செய்யறான்!' - பிள்ளையின் வொர்க்கிங் மெமரியை ஸ்கேன் காட்டுமா?

ரெட்டியார்பாளையத்தில், விழுப்புரம் சாலையை ஒட்டிய தெருவில் ஒரு வீடு. ஸ்கூல் விட்டு வந்த மகனிடம், "தம்பி, பையை உள்ள வை, டிபன் பாக்ஸை சிங்க்ல போடு, யூனிஃபார்மை மாத்திட்டு வா" என்கிறார் அம்மா. பை மட்டும் உள்ளே போகிறது. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால், பையன் யூனிஃபார்மோடு ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறான். "சொன்னது காதுல விழலையா?"

விழுந்தது. மனதில் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

கேட்டதைச் சில நொடிகள் மனதில் பிடித்து வைத்தபடியே வேலை செய்யும் திறனுக்கு 'வொர்க்கிங் மெமரி' என்று பெயர். 1974-ல் ஆலன் பேட்லி, கிரஹாம் ஹிட்ச் என்ற பிரிட்டன் உளவியலாளர்கள் இதை விரிவாக விளக்கினார்கள். கூட்டல் கணக்கில் 'கையில ஒண்ணு' என்று வைத்துக்கொள்கிறோமே, அந்த ஒன்றை வைத்திருப்பது இதுதான்.

இதை அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். உளவியல் நிபுணர் நொடிக்கு ஒன்றாக எண்களைச் சொல்வார். 5, 8, 2... குழந்தை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் எண்கள் கூடும். பிறகு, பின்னாலிருந்து முன்னால் சொல்லச் சொல்வார். உண்மையான சோதனை இந்த இரண்டாவதுதான். மனதில் வைத்திருக்கவும் வேண்டும், புரட்டவும் வேண்டும். நேராகச் சொல்வதில் ஐந்து வயதுக் குழந்தைக்குச் சுமார் நான்கு எண்கள், பெரியவர்களுக்குச் சுமார் ஏழு.

1905-ல் பாரிஸில் அல்ஃப்ரெட் பினே, படிப்பில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிய உருவாக்கிய தேர்விலேயே இந்த எண் விளையாட்டு இருந்தது. (அப்போது புதுச்சேரியும் பிரெஞ்சுக்காரர் கையில்தான்!) இந்தியப் பிள்ளைகளுக்காக 1969-ல் வந்த மாலின் தேர்விலும் உண்டு.

ஒரு சிக்கல், எந்த மொழியில் கேட்பது? 1980-ல் வெளியான ஓர் ஆய்வு, வேல்ஸ் மொழியில் எண்களைச் சொல்ல ஆங்கிலத்தைவிட அதிக நேரம் ஆவதால் குறைவான எண்களே நினைவில் நிற்கின்றன என்றது. 'நைன்' சொல்வதையும் 'ஒன்பது' சொல்வதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வீட்டில் தமிழ், ஸ்கூலில் இங்கிலீஷ் என வளரும் பிள்ளைக்கு எந்த மொழியில் தேர்வு வைத்தார்கள் என்று பெற்றோர் கேட்பதில் தப்பே இல்லை.

சரி, மூளையில் இது எங்கே இருக்கிறது? நெற்றிக்குப் பின்னுள்ள பகுதி, உச்சியின் பின்பக்கப் பகுதி, இரண்டையும் இணைக்கும் நரம்பிழைகள் எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை இது. நெற்றிப் பகுதி முழுசாக முதிர 20 வயதும் தாண்டிவிடும். அமெரிக்காவில் 11,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை 9, 10 வயதில் சேர்த்து, எம்.ஆர்.ஐ எடுத்துத் தொடர்ந்து கவனித்து வந்திருக்கிறார்கள். இந்தியாவிலும் 'சி-வேதா' ஆய்வு 6 முதல் 23 வயது வரை உள்ளவர்களை ஏழு மையங்களில் சேர்த்தது.

"அப்போ ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாமா டாக்டர்?" என்று உடனே கேட்கத் தோன்றும். வேண்டாம். மூளையின் அமைப்புக்கும் இதுபோன்ற தேர்வு மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பு மிக மெல்லியது. அதை நம்பகமாகக் காணவே ஆயிரக்கணக்கானோர் தேவை என்று 2022-ல் 'நேச்சர்' இதழ் ஆய்வு காட்டியது. ஒரு பிள்ளையின் படத்தை வைத்து அவன் மெமரியைச் சொல்ல முடியாது. வலிப்பு, தலையில் அடி போன்ற காரணம் இருந்தால் டாக்டரே எழுதித் தருவார்.

முதலில் பார்க்க வேண்டியவை காது, கண், தூக்கம். அதன்பிறகும் படிப்பு தடுமாறினால் கற்றல் குறைபாடு, கவனக்குறைபாடு உண்டா என்று நிபுணரிடம் காட்டலாம். போனில் வரும் 'பிரெய்ன் டிரெய்னிங்' ஆப்கள்? அந்த விளையாட்டில் ஸ்கோர் ஏறும். கணக்குப் பாடத்தில் ஏறும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை.

ரெட்டியார்பாளையம் அம்மா இப்போது ஒவ்வொன்றாகச் சொல்கிறார். "பையை வை தம்பி." வைத்துவிட்டு வருகிறான். "இப்போ டிபன் பாக்ஸ்." அதுவும் சிங்க்குக்குப் போய்விடுகிறது. யூனிஃபார்முக்குத்தான் இன்னும் ரெண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது.