ஏட்டில் இல்லாதவர் எப்படி நிலைப்பார்?

தீபாவளிக்கும் சத் பூஜைக்கும் பிகாருக்கும் உத்தரப் பிரதேசத்துக்கும் செல்லும் தொழிலாளர்கள் திரும்பி வருவதில்லை என்பது தில்லி ஓக்லா, ஃபரீதாபாத் பகுதிகளின் சிறுதொழில் முதலாளிகள் அடிக்கடி கூறும் புகார். திரும்புவோரிலும் பலர் வேறு ஆலைகளுக்குச் சென்றுவிடுகின்றனர்.

குறைந்த ஊதியம் மட்டுமே இதற்குக் காரணமல்ல. பல இடங்களில் நியமனக் கடிதம் இல்லை. சம்பளத் தேதியும் நிச்சயமில்லை. 20 பேர் பணிபுரிந்தால் வருங்கால வைப்பு நிதி செலுத்த வேண்டும் என்பதால், பதிவேட்டில் 19 பேரோடு நிறுத்திக்கொள்ளும் நிறுவனங்களும் உண்டு. ஏட்டில் இல்லாதவர் பணியில் நிலைப்பார் என்று எப்படி எதிர்பார்ப்பது?

2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கியுள்ளன. மாத ஊதியத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வழங்க வேண்டும். குறித்த கால ஒப்பந்தப் பணியாளருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை உரிமை உண்டு.

இவற்றைச் சுமையாகக் கருதுவோர், புதியவரைத் தேடிப் பழக்குவதற்கு ஆகும் செலவையும் அதுவரை வீணாகும் சரக்கையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். பெரிய நிறுவனங்களுக்கு இணையான ஊதியம் தர இயலாமல் போகலாம். பேசிய ஊதியத்தை உரிய தேதியில் தருவதற்குமா இயலாது?