மணி கட்டினால் போதுமா?

உத்தரகண்ட் மாநிலம், அல்மோரா மாவட்டத்தில் உள்ள பின்சர் வனவிலங்கு சரணாலயத்தில் 2024 ஜூன் 13-ஆம் தேதி காட்டுத் தீயை அணைக்கச் சென்ற வனத்துறை வாகனம் தீயின் நடுவே சிக்கிக்கொண்டது. நான்கு பேர் அந்த இடத்திலேயே கருகி மாண்டனர். படுகாயமடைந்தவர்கள் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களில் எல்லோரையும் காப்பாற்ற முடியவில்லை. இறந்தவர்களில் உயரதிகாரிகள் யாரும் இல்லை. வனக் காப்பாளர், தீத்தடுப்புக் காவலர், தினக்கூலித் தொழிலாளி எனக் களத்தில் முதலில் நிற்கும் கடைநிலை ஊழியர்களே பலியானார்கள்.

காட்டுத் தீயைப் பொருத்தவரை எல்லாமே நேரக் கணக்குதான். தரையில் சருகு பற்றி எரியும்போதே தெரிந்துவிட்டால் நான்கைந்து பேர் பச்சைக் கிளைகளால் அடித்தே அணைத்துவிடலாம். காற்றின் துணையோடு மலைச்சரிவில் ஏறிவிட்டால் விமானப் படை ஹெலிகாப்டர்கள் வந்தாலும் எளிதில் அடங்காது. முதல் புகைக்கும் முதல் தகவலுக்கும் இடையில் வீணாகும் நேரத்தின் விலையைத்தான் இந்த ஊழியர்கள் தங்கள் உயிரால் கொடுக்கிறார்கள்.

பிரச்னையின் அளவு சிறியதல்ல. இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் 2023-ஆம் ஆண்டு அறிக்கையின்படி, 2023 நவம்பர் முதல் 2024 ஜூன் வரையிலான தீப் பருவத்தில் நாடு முழுவதும் 2,03,544 தீப்புள்ளிகளைத் துணைக்கோள்கள் கண்டறிந்தன. அதற்கு முந்தைய பருவத்தில் இது 2,12,249. அதற்கும் முன்பு 2,23,333. மொத்தக் கணக்கு குறைந்து வந்ததாக ஆறுதல் கொள்ளலாம். ஆனால், ஒரே ஆண்டு இடைவெளியில் உத்தரகண்டின் எண்ணிக்கை 5,351-லிருந்து 21,033 ஆக உயர்ந்து, நாட்டிலேயே முதலிடத்தைப் பிடித்தது. மழை பொய்த்தால் எந்த மாநிலமும் எந்த ஆண்டும் முதலிடத்துக்கு வரக்கூடும் என்பதுதான் இதன் பொருள்.

துணைக்கோள் கண்காணிப்பில் இந்தியா பின்தங்கியிருக்கவில்லை. ஹைதராபாத் அருகே ஷாத்நகரில் பெறப்படும் தரவுகள் டேராடூனில் உள்ள வன ஆய்வு நிறுவனத்தால் வடிகட்டப்பட்டு, குறுஞ்செய்தியாக வன அலுவலர்களைச் சென்றடைகின்றன. 2019 ஜனவரியில் இந்த எச்சரிக்கை முறையின் மூன்றாவது வடிவம் நடைமுறைக்கு வந்தது. இதில் பல ஆண்டுகள் பயன்பட்டு வந்த மோடிஸ் கருவி ஒரு கிலோமீட்டர் அளவிலும், விர்ஸ் கருவி 375 மீட்டர் அளவிலும் தீயைப் பிரித்தறியும்.

இருந்தும், துணைக்கோளின் கண் ஒரே இடத்தை நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. நாளில் சில முறை கடந்து செல்லும்போது தெரிவதை மட்டுமே சொல்லும். அது கடந்து சென்ற அரை மணி நேரத்தில் பற்றும் தீ, அடுத்த சுற்று வரை வளர்ந்துகொண்டே இருக்கும். மேக மூட்டமும், அடர்ந்த மரக் கூரையும், பள்ளத்தாக்குகளும் அந்தக் கண்ணையும் மறைத்துவிடும்.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் காட்டுக்குள்ளேயே கண்காணிப்புக் கருவிகளை நிறுவும் முயற்சிகள் நடைபெறுகின்றன. மகாராஷ்டிரத்தின் பெஞ்ச் புலிகள் காப்பகத்தில் 2024-இல் புகையைக் கண்டறியும் செயற்கை நுண்ணறிவுக் கேமரா அமைப்பு நிறுவப்பட்டது. இன்னொரு வழி, மரங்களில் பொருத்தப்படும் சிறு உணர்கருவிகள். வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் புகையில் உள்ள வாயுக்களையும் அளந்து, லோரா போன்ற குறைந்த மின்சாரத்தில் இயங்கும் வானொலி அலை மூலம், கேட்வே எனப்படும் இணைப்பு நிலையத்துக்கு இவை செய்தி அனுப்புகின்றன. இந்த நிலையம் பல கருவிகளின் செய்திகளைத் திரட்டி, கைப்பேசிக் கோபுரம் வழியாகவோ துணைக்கோள் வழியாகவோ கட்டுப்பாட்டு அறைக்குத் தள்ளிவிடுகிறது. இதற்குத் தேவையான 865 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பகுதியை, வரையறுக்கப்பட்ட திறனுக்குள் உரிமமின்றிப் பயன்படுத்த இந்தியாவில் அனுமதி உண்டு. எனவே செலவும் கட்டுக்குள் அடங்கும்.

திட்டம் நல்லதுதான். ஆனால், சங்கிலியின் வலிமை அதன் பலவீனமான கண்ணியைப் பொருத்தது. ஆயிரம் உணர்கருவிகள் தீயைக் கண்டாலும், இணைப்பு நிலையத்துக்குச் செய்தி போய்ச் சேரவில்லை என்றால் அவை ஆயிரம் ஊமைக் காவலாளிகள். கருவி வாங்குவதில் காட்டப்படும் ஆர்வம் இணைப்பைச் சோதிப்பதில் காட்டப்படாவிட்டால் எல்லாம் வீண்.

முறையான சோதனை என்பது என்ன? திறந்த மைதானத்தில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் எட்டும் என்று விற்பனையாளர்கள் சொல்லும் அலை, காட்டில் அதே தொலைவு எட்டாது. ஒரு மலைமுகடு குறுக்கிட்டாலே தொடர்பு அறுந்துவிடும். ஈரம் நிறைந்த இலைகள் அலையை உறிஞ்சும். மத்திய இந்தியாவின் தேக்குக் காடுகள் கோடையில் இலை உதிர்த்து நிற்கும். இமயமலைச் சரிவின் சீர் பைன் மரங்களோ ஆண்டு முழுவதும் பசுமையாக இருக்கும். ஒரு காட்டில், ஒரு பருவத்தில் கிடைத்த முடிவு இன்னொரு காட்டுக்கோ பருவத்துக்கோ பொருந்தாது. சாலையோரத்தில் வாகனத்தை நிறுத்தி, ஆண்டெனாவை உயர்த்திப் பிடித்துச் சோதித்துவிட்டு, கருவியைப் பள்ளத்தாக்கில் ஆள் உயரத்தில் ஆணியடித்து மாட்டினால், அந்தச் சோதனையால் யாருக்கு என்ன பயன்?

அனுப்பிய நூறு செய்திகளில் எத்தனை வந்து சேர்ந்தன என்பது முதல் கேள்வி. அமைதியான நாளில் மணிக்கு ஒருமுறை ஒரு கருவி பேசுவது எளிது. தீ பரவும்போது பத்திருபது கருவிகள் ஒரே நேரத்தில் கூக்குரலிடும். அப்போது செய்திகள் ஒன்றோடொன்று மோதி அழிந்துபோக வாய்ப்புண்டு. வலையமைப்பு எந்த நாளுக்காக அமைக்கப்படுகிறதோ அந்த நாளின் நெரிசலைச் செயற்கையாக உருவாக்கிப் பார்க்க வேண்டும்.

இணைப்பு நிலையத்திலிருந்து வெளியுலகுக்குச் செல்லும் வழி இரண்டாவது கேள்வி. கைப்பேசிக் கோபுரம் மின்சாரமின்றி அணைந்துவிட்டால் என்ன செய்வது? கைப்பேசிச் சேவையே எட்டாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி இணைப்பு வழங்க 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை ரூ. 26,316 கோடி ஒதுக்கியது. கிராமங்களுக்கே இந்த நிலை என்றால், ஆளில்லாத காட்டின் நடுப்பகுதியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எனவே ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழி திறக்கும் ஏற்பாடும், தொடர்பு மீளும் வரை செய்தியைச் சேமித்து வைக்கும் வசதியும் இருக்க வேண்டும். வேண்டுமென்றே மின்சாரத்தைத் துண்டித்து, கோபுரத் தொடர்பை நிறுத்தி இவற்றைச் சோதிக்க வேண்டும்.

செய்தி யாரைச் சென்றடைகிறது என்பது மூன்றாவது, முக்கியமான கேள்வி. தலைநகரின் கட்டுப்பாட்டு அறைத் திரையில் சிவப்புப் புள்ளி தோன்றுவதால் மட்டும் தீ அணையாது. அந்தச் சரகத்தில் அன்று பணியில் இருக்கும் வனக் காப்பாளர் செய்தியைப் பெற்று, ஆட்களைத் திரட்டிப் புறப்படும் வரை எத்தனை நிமிடங்கள் ஆயின என்பதே உண்மையான அளவுகோல். வனத்துறையின் கண்காணிப்பில், பாதுகாப்பான இடத்தில் சிறு தீ மூட்டி, கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கெடுப்பது ஒன்றும் பெரிய வித்தையல்ல.

பொய் எச்சரிக்கைகளையும் கணக்கில் கொள்ள வேண்டும். சமையல் புகைக்கும், வனத்துறையே திட்டமிட்டு வைக்கும் தீக்கும் கருவி அலறிக்கொண்டிருந்தால், 'புலி வருது, புலி வருது' கதையாகத்தான் முடியும். உண்மையான தீ வரும்போது யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

இவையெல்லாம் பொறியாளர்களின் கவலை என்று ஆட்சியாளர்கள் ஒதுங்கிவிட முடியாது. 19 மாநிலங்களின் 144 மாவட்டங்களில் காட்டுத் தீ அபாயத்தைத் தணிக்க ரூ. 818.92 கோடி மதிப்பிலான திட்டத்துக்கு 2025-ஆம் ஆண்டில் மத்திய அரசின் உயர்நிலைக் குழு ஒப்புதல் அளித்தது. இது மக்களின் வரிப்பணம். அரசு ஒப்பந்தப்புள்ளிகளில் நிறுவப்பட்ட கருவிகளின் எண்ணிக்கைக்குப் பணம் தரும் முறை தொடர்ந்தால், மார்ச் 31-க்குள் கருவிகள் மரத்தில் ஏறிவிடும். பயன்பாட்டுச் சான்றிதழும் தயாராகிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் அவை பேசுகின்றனவா என்று கேட்க யாரும் இருக்கமாட்டார்கள். ஒரு முழுத் தீப் பருவத்தில் வந்து சேர்ந்த எச்சரிக்கைகளின் விகிதத்தைப் பார்த்த பிறகே இறுதித் தொகை வழங்கப்படும் என்று ஒப்பந்தத்தில் எழுதுவதற்கு என்ன தடை இருக்கிறது?

எங்கு தொடங்குவது என்பதிலும் குழப்பம் தேவையில்லை. 2003 முதல் 2016 வரை பதிவான காட்டுத் தீக்களில் 44 சதவீதம் வெறும் 20 மாவட்டங்களில் நிகழ்ந்ததாகச் சுற்றுச்சூழல் அமைச்சகமும் உலக வங்கியும் 2018-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. எல்லா மாநிலங்களுக்கும் ஆளுக்குக் கொஞ்சம் என்று பிரித்துக் கொடுப்பதைவிட, அதிகம் எரியும் மாவட்டங்களில் முதலில் முழுமையாகச் சோதித்துப் பார்ப்பதே விவேகம்.

நாடாளுமன்றம் இதைப் பற்றிப் பேசாமல் இருந்துவிடவில்லை. 2016 ஏப்ரல், மே மாதங்களில், குடியரசுத் தலைவர் ஆட்சியில் இருந்த உத்தரகண்டில் 4,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட காடு எரிந்தது. அதன் பிறகு ரேணுகா சௌத்ரி தலைமையிலான நிலைக்குழு அந்த ஆண்டு டிசம்பரில் அளித்த 293-ஆவது அறிக்கை, காட்டுத் தீ மேலாண்மைக்குத் தேசியக் கொள்கை வேண்டும் என்றது. சாலையோரங்களில் குவியும் பைன் ஊசியிலைகளை அகற்ற இயந்திரங்கள் வாங்க வேண்டும் என்பது வரை அது பரிந்துரைத்தது. 2018-இல் தேசியச் செயல்திட்டமும் வந்தது. ஆனால், 2024 மே மாதம் உச்சநீதிமன்றம், காடு எரியும் நேரத்தில் வன ஊழியர்களைத் தேர்தல் பணிக்கு அனுப்பியது ஏன் என்று உத்தரகண்ட் அரசைக் கேட்கும் நிலைதான் இருந்தது. எச்சரிக்கை மணி அடித்தாலும் ஓடி வர ஆள் இல்லை என்றால் மணியால் என்ன பயன்?

கருவிகளுக்குச் செலவிடும் பணத்தில் ஆட்களை நியமிக்கலாமே என்ற வாதத்தைப் புறந்தள்ள முடியாது. ஆனால், இது ஒன்றா மற்றொன்றா என்ற கேள்வியல்ல. உத்தரகண்டில் 11,000-க்கும் மேற்பட்ட வனப் பஞ்சாயத்துகள் இருக்கின்றன. தீயை முதலில் பார்ப்பவர்களும், அணைக்க முதலில் ஓடுபவர்களும் அந்தக் கிராம மக்களே. இணைப்பு நிலையத்தின் எச்சரிக்கை அவர்களின் கைப்பேசிக்கும் போக வேண்டும். அதன் பராமரிப்பில் அவர்களுக்கும் ஊதியத்துடன் கூடிய பங்கு வேண்டும். சாம்பல் படிந்த சூரியத் தகட்டைத் துடைக்கத் தில்லியிலிருந்தா ஆள் வர முடியும்?

தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11-ஆம் தேதி மலையேறச் சென்ற 20-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட தீயைத் தமிழகம் மறந்திருக்காது. பின்சரும் குரங்கணியும் உணர்த்துவது ஒன்றைத்தான்: மலையில் தீ பரவத் தொடங்கிய பின் ஒவ்வொரு நிமிடமும் ஓர் உயிரின் விலை.

எத்தனை எச்சரிக்கைகள் அனுப்பப்பட்டன என்ற கணக்கு மட்டும் நாடாளுமன்றத்துக்குப் போதாது. அவற்றில் எத்தனை உரிய நேரத்தில் உரியவரைச் சேர்ந்தன, எந்தச் சரகத்தில் இணைப்பு எப்போது சோதிக்கப்பட்டது, அதன் முடிவு என்ன என்பதை ஒவ்வோர் ஆண்டும் தீப் பருவம் தொடங்கும் முன்பே சுற்றுச்சூழல் அமைச்சகம் அவையில் வைக்க வேண்டும். உறுப்பினர்களும் கட்சி வேறுபாடின்றி அதைக் கேட்டுப் பெற வேண்டும்.

பூனைக்கு மணி கட்டுவது யார் என்பது பழைய கேள்வி. காட்டுக்கு மணி கட்ட இன்று பணமும் இருக்கிறது, தொழில்நுட்பமும் இருக்கிறது. கட்டிய மணி அடிக்கிறதா என்று, காடு பற்றி எரிவதற்கு முன்பே ஆட்டிப் பார்ப்பது அரசின் கடமை.