பழைய தெளிப்பானுக்கு எந்த மோட்டார்?

நிலக்கடலை, பயறு, காய்கறி பயிரிடும் சிறு விவசாயிகள் சிலர், கைமாறி வரும் பழைய தெளிப்பு நீர்க் கருவிகளை மலிவாக வாங்கிவிடுகிறார்கள். மோட்டாரைப் பற்றிய யோசனை அதற்குப் பிறகே வருகிறது. கடையில் போய், "ஐந்து குதிரைத் திறன் போதுமா, ஏழரை வேண்டுமா?" என்று கேட்கிறார்கள். எத்தனை லிட்டர் தண்ணீரை எத்தனை மீட்டர் உயரத்துக்குத் தள்ள வேண்டும் என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

வழக்கமான தெளிப்பான் ஒன்று, 2.5 கிலோ அழுத்தத்தில் வினாடிக்குச் சுமார் அரை லிட்டர் நீர் வெளியிடும். எட்டுத் தெளிப்பான்களுக்கு 4 லிட்டர் வேண்டும். ஒரு கிலோ அழுத்தம் 10 மீட்டர் உயரத்துக்குச் சமம், ஆக 2.5 கிலோவுக்கு 25 மீட்டர். கிணற்று நீர்மட்டம் 12 மீட்டர், குழாய் உராய்வு 5 மீட்டர், தெளிப்பான் நிற்கும் உயரம் 1 மீட்டர் என்றால் மொத்தம் 43 மீட்டர். நான்கை 43 ஆல் பெருக்கி 75 ஆல் வகுத்தால் 2.3 வரும். பம்பின் திறன் 50 சதவிகிதம் என்று கொண்டால், தேவை ஏறக்குறைய 4.6 குதிரைத் திறன். ஐந்து போதுமானது.

ஐந்து குதிரைத் திறன் பம்புகள் எல்லாம் ஒன்றல்ல. வாய்க்காலில் நீர் பாய்ச்சும் பம்பு நிறையத் தண்ணீர் கொட்டும். ஆனால் அழுத்தம் தராது. தெளிப்பான் சுழலாமல் நின்றுவிடும். பம்பின் தகட்டில் உள்ள உயரம், நீரளவு இரண்டையும் படித்தே வாங்க வேண்டும். நீர்மட்டம் 6 மீட்டருக்கு மேல் இறங்கும் கிணற்றுக்கு, மேட்டில் வைக்கும் மோனோபிளாக் உதவாது. நீர்மூழ்கி மோட்டாரே ஏற்றது.

பழைய கருவியில் இன்னொரு சங்கடம் உண்டு. மணல் கலந்த நீர் நாளடைவில் தெளிப்பானின் துவாரத்தைத் தேய்த்துவிடும். 4 மில்லிமீட்டர் துவாரம் 4.4 ஆனால், அதன் வழியே ஐந்தில் ஒரு பங்கு நீர் கூடுதலாகப் போகும், அழுத்தம் குறையும். அதே அளவுள்ள துளையிடும் ஊசியின் பின்முனையைத் துவாரத்தில் விட்டுப் பார்க்கலாம். தளர்வாக ஆடினால் மாற்ற வேண்டும். ஒழுகும் ரப்பர் வளையங்களையும் மாற்றிய பிறகே மோட்டார் கணக்குப் போட வேண்டும்.

வினாடிக்கு 4 லிட்டர் என்றால் மணிக்கு 14,400 லிட்டர். கிணற்றில் அவ்வளவு ஊற்று இல்லையென்றால், நான்கு தெளிப்பான்களை மட்டும் ஓட்டலாம். அதற்கு மூன்று குதிரைத் திறன் போதும்.

விவசாய மின்சாரம் இலவசம். பெரிய மோட்டாரால் என்ன நஷ்டம் என்று கேட்போர் உண்டு. மின்சாரம் இலவசம்தான், தண்ணீர் அப்படியல்ல. ஊற்றை மீறி இறைத்தால் கிணறு வற்றும், பயிர் பாதியில் வாடும், தண்ணீரின்றி ஓடும் மோட்டாரின் காயில் கருகும். பக்கத்துத் தோட்டத்துக் கிணறும் தப்பாது. அனுமதித்த அளவுக்கு மேல் மோட்டார் வைப்பது விதிமீறலும் ஆகும்.

தெளிப்பான்களின் எண்ணிக்கை, கோடைக்கால நீர்மட்டம், குழாயின் நீளம், ஊற்றின் அளவு ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போவதே சிறு விவசாயிக்கு லாபம்.