மரணச் செய்தியே விளம்பரமானபோது: டிஜிட்டல் சந்தைப்படுத்துவோருக்கு மும்பை தரும் பாடம்

மும்பை: கடந்த 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் தேதி காலை, நடிகை பூனம் பாண்டேயின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ஓர் அறிவிப்பு வெளியானது. கருப்பை வாய்ப் புற்றுநோயால் அவர் காலமாகிவிட்டார் என்று அதில் தெரிவிக்கப்பட்டிருந்தது. நாடு முழுவதும் ஊடகங்கள் அச்செய்தியை வெளியிட்டன. திரையுலகினர் பலர் இரங்கல் தெரிவித்தனர். மறுநாளே காணொலியில் தோன்றிய பூனம் பாண்டே, தாம் உயிருடன் இருப்பதாகவும், அந்நோய் குறித்த விழிப்புணர்வை ஏற்படுத்தவே அவ்வாறு செய்ததாகவும் கூறினார்.

இப்பிரசாரத்தில் தங்களுக்குப் பங்கு இருந்ததை மும்பையைச் சேர்ந்த டிஜிட்டல் விளம்பர நிறுவனமான ஷ்பாங் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியது. நடிகை மீது வழக்குப் பதிவு செய்யக் கோரி அகில இந்திய திரைத்துறைத் தொழிலாளர் சங்கம் காவல் துறைக்குக் கடிதம் எழுதியது. மகாராஷ்டிர சட்ட மேலவை உறுப்பினர் சத்யஜித் தாம்பேயும் நடவடிக்கை எடுக்க வலியுறுத்தினார்.

இந்த நிகழ்வு ஓரிரு வாரங்களில் தலைப்புச் செய்திகளிலிருந்து மறைந்துவிட்டது. ஆனால் டிஜிட்டல் விளம்பரத் துறைக்கு அது விட்டுச்சென்ற கேள்வி மறையவில்லை. கோடிக்கணக்கானோரின் கவனத்தை ஒரே நாளில் ஈர்த்த ஒரு பிரசாரம் ஏன் தோல்வியாகக் கருதப்படுகிறது?

கவனம் வேறு, நம்பிக்கை வேறு

நேரத்தைத் தேர்ந்தெடுத்ததில் பிரசாரக் குழுவினரிடம் குறை காண இயலாது. பிப்ரவரி 1-ஆம் தேதி தாக்கலான இடைக்கால பட்ஜெட்டில், 9 முதல் 14 வயது வரையிலான சிறுமியருக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி செலுத்துவது ஊக்குவிக்கப்படும் என்று மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்திருந்தார். பிப்ரவரி 4 உலகப் புற்றுநோய் தினம். இரண்டுக்கும் இடையே வெளியான இந்த அறிவிப்பால் இணையத் தேடல்கள் உச்சத்தைத் தொட்டன. அந்நோயின் பெயர் 1,000-க்கும் மேற்பட்ட தலைப்புச் செய்திகளில் இடம்பெற்றதாக ஷ்பாங் தனது விளக்கத்தில் சுட்டிக்காட்டியது.

பிழை அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் தேடினார்கள் என்பவை கவனத்தின் அளவுகோல்கள். தடுப்பூசி போட்டுக்கொள்வதும் பரிசோதனைக்குச் செல்வதும் நம்பிக்கையின் விளைவுகள். சொல்பவர் உண்மை பேசுகிறார் என்ற எண்ணம் தகர்ந்துவிட்டால், அவர் அடுத்து எவ்வளவு பயனுள்ள செய்தியைச் சொன்னாலும் அது ஐயத்துடனேயே பார்க்கப்படும். பிப்ரவரி 3-ஆம் தேதி முதல் நாடு விவாதித்தது நோயைப் பற்றியல்ல, பொய்யைப் பற்றியே.

மருத்துவ நோக்கில் நேர்ந்த பிழை

ஏமாற்றப்பட்டோம் என்ற கோபத்தில் பலரும் கவனிக்கத் தவறிய மற்றொரு பிழையும் உண்டு. சில நாள்களுக்கு முன்புவரை நலமாகக் காணப்பட்ட 32 வயதுப் பெண் திடீரென இறந்துவிட்டார் என்பதே அந்த அறிவிப்பு சொன்ன கதை. கருப்பை வாய்ப் புற்றுநோயின் இயல்பு அதற்கு நேர்மாறானது. மனித பாப்பிலோமா வைரஸ் தொற்றுக்குப் பின், இயல்பான நோய் எதிர்ப்பாற்றல் உள்ள பெண்ணின் உடலில் அந்நோய் உருவாகப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும் என்று உலக சுகாதார அமைப்பு கூறுகிறது. அதாவது, கண்டறிந்து தடுக்கப் போதிய அவகாசம் உண்டு என்பதே பெண்களுக்குச் சொல்லப்பட வேண்டிய முதன்மைச் செய்தி.

அச்சத்தை மட்டும் விதைக்கும் பிரசாரம் இந்தச் செய்தியை மறைத்துவிடுகிறது. திடீரென உயிரைப் பறிக்கும் நோய் என்று நம்புபவர் பரிசோதனையைத் தேடிச் செல்வதைவிட, அதைத் தவிர்க்கவே வாய்ப்பு அதிகம். சிகிச்சையில் இருக்கும் நோயாளிகளுக்கும் அவர்களது குடும்பத்தினருக்கும் இத்தகைய அறிவிப்பு தரும் வேதனை தனி.

பிரச்சினையின் அளவு சிறியதன்று. சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் 2022-ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 1.27 லட்சம் பெண்கள் புதிதாக இந்நோய்க்கு ஆளாகின்றனர். ஏறத்தாழ 80,000 பேர் உயிரிழக்கின்றனர். ஆனால் 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, 30 முதல் 49 வயது வரையிலான பெண்களில் இதற்கான பரிசோதனையை எப்போதாவது செய்துகொண்டவர்கள் 2 சதவீதத்துக்கும் குறைவு. தேடல் எண்ணிக்கையால் இந்த இடைவெளியை நிரப்ப முடியாது.

அதே நகரின் மற்றொரு அனுபவம்

விழிப்புணர்வு எவ்வாறு செயலாக மாறுகிறது என்பதற்கான சான்றும் மும்பையிலேயே உள்ளது. பரேலில் உள்ள டாடா நினைவு மருத்துவமனை, 1998-ஆம் ஆண்டு தொடங்கி நகரின் குடிசைப் பகுதிகளில் சுமார் 1.5 லட்சம் பெண்களை உள்ளடக்கிய நீண்டகால ஆய்வை மேற்கொண்டது. பத்தாம் வகுப்பு வரை படித்த உள்ளூர்ப் பெண்களுக்கு 4 வாரப் பயிற்சி அளிக்கப்பட்டது. அவர்கள் நோயைப் பற்றி விளக்கிக் கூறி, வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தைக் கொண்டு எளிய பரிசோதனையைச் செய்தனர்.

பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்ட பிரிவில் இந்நோயால் ஏற்படும் இறப்பு 31 சதவீதம் குறைந்ததாக 2013-ஆம் ஆண்டு முடிவுகள் வெளியாயின. ஒப்பீட்டுப் பிரிவில் இருந்த பெண்களுக்குப் பரிசோதனை அளிக்கப்படாதது குறித்து அறநெறி சார்ந்த விமர்சனங்கள் எழுந்ததும் உண்மை. எனினும் தகவல் தொடர்பு நோக்கில் அந்த ஆய்வு உணர்த்துவது தெளிவானது. பிரபலம் எவரும் இல்லை, அதிர்ச்சி இல்லை. அறிமுகமான முகம், புரியும் மொழி, அடுத்து எங்கே செல்ல வேண்டும் என்ற வழிகாட்டல் ஆகிய மூன்றும் இருந்தன.

கரோனா காலத்தில் தாராவி கண்டதும் இதையே. சுமார் 2.4 சதுர கிலோமீட்டர் பரப்பில் லட்சக்கணக்கானோர் நெருக்கமாக வாழும் அப்பகுதியில், 2020 ஏப்ரலில் தொற்று பரவத் தொடங்கியபோது, மக்கள் நெடுங்காலமாக அறிந்த உள்ளூர் தனியார் மருத்துவர்களை மும்பை மாநகராட்சி களத்தில் இறக்கியது. பழகிய மருத்துவர் வந்து கேட்கும்போது, காய்ச்சலை மறைக்காமல் சொல்வதற்கான தயக்கம் குறையும். அதே ஆண்டு ஜூலையில் உலக சுகாதார அமைப்பின் தலைமை இயக்குநர் தாராவியை முன்னுதாரணமாகக் குறிப்பிட்டார்.

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் எனத் தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் பகுதிகளை நோக்கிப் பேச விரும்பும் எந்த நிறுவனத்துக்கும் இது பொருந்தும். ஆங்கிலத்தில் வெளியாகும் ஓர் இன்ஸ்டாகிராம் அறிவிப்பு அங்குள்ள இளைஞரின் கைப்பேசியை எட்டலாம். அவரது தாய்க்கு வேண்டியது, எந்த மருத்துவமனையில், எந்த நாளில், என்ன பரிசோதனை என்பதைத் தமிழில் சொல்லும் தகவல்.

மன்னிப்பும் அதற்குப் பின் வரும் வாக்கியமும்

பிழைக்குப் பின் பேசும் முறையிலும் பாடம் உண்டு. ஷ்பாங் வெளியிட்ட அறிக்கை, புற்றுநோயால் பாதிக்கப்பட்டோரிடம் மன்னிப்புக் கோரியதுடன் நிற்கவில்லை. பிரசாரத்தின் வீச்சையும் பட்டியலிட்டது. மன்னிப்பும் சாதனைக் கணக்கும் ஒரே அறிக்கையில் இடம்பெற்றால், படிப்பவர் மனத்தில் பின்னதே தங்கும்.

இதற்கு முன் 2021 அக்டோபரில் தமிழகம் இதே போன்றதொரு நிகழ்வைக் கண்டது. உணவு விநியோக நிறுவனமான ஸொமேட்டோவின் வாடிக்கையாளர் சேவை ஊழியர் ஒருவர், ஹிந்தி தேசிய மொழி என்று தமிழக வாடிக்கையாளரிடம் கூறியது பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. நிறுவனம் தமிழிலேயே மன்னிப்புக் கோரியது. தமிழ்ச் செயலி தயாராகி வருவதாகவும், கோவையில் சேவை மையம் அமைக்கப்படுவதாகவும் தெரிவித்தது. பொருத்தமான பதில் அது. ஆனால் சில மணி நேரத்தில், ஊழியரைப் பணிநீக்கம் செய்த முடிவைத் திரும்பப் பெற்ற நிறுவனத் தலைவர் தீபிந்தர் கோயல், நாட்டில் சகிப்புத்தன்மை அதிகரிக்க வேண்டும் என்றும் பதிவிட்டார். எளிய ஊழியரைக் காத்த முடிவு நியாயமானது என்றாலும், வாடிக்கையாளருக்கு அறிவுரை கூறுவதாக அமைந்த அந்தப் பதிவு புதிய விமர்சனத்துக்கு வழிவகுத்தது.

ஒப்புதலுக்கு முன் கேட்க வேண்டியவை

இந்த நிகழ்வுகளிலிருந்து நடைமுறைக்குரிய சில சோதனைகளை வகுத்துக்கொள்ளலாம். முதலாவது, விளம்பரம் என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டால் இந்தப் பிரசாரம் பயன்படுமா என்ற கேள்வி. சமூக ஊடகப் பிரபலங்கள் வெளியிடும் விளம்பரங்களை அவ்வாறே அடையாளப்படுத்த வேண்டும் என்று மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய விளம்பரத் தர நிர்ணய கவுன்சில் 2021-ஆம் ஆண்டிலேயே வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. அந்த அடையாளத்தை இட்டதும் பயனற்றுப்போகும் உத்தி, ஏமாற்றையே மூலதனமாகக் கொண்டது என்பது உறுதி.

இரண்டாவது, இதைப் படிப்பவர்களில் மிகவும் நலிந்த நிலையில் இருப்பவர் யார், அவருக்கு இது என்ன செய்யும் என்பது. மூன்றாவது, ஆர்வம் கொண்டு தேடி வருபவரை எந்த முகவரிக்கு, எந்த மொழியில் அனுப்பப் போகிறோம் என்பது. நான்காவது, உண்மை வெளிப்படும் நாளில் பேசுபொருளாக இருக்கப்போவது பிரசாரத்தின் நோக்கமா, அதன் உத்தியா என்பது.

ஊடகங்களுக்கும் இதில் பங்கு உண்டு. மருத்துவமனை, இறுதிச் சடங்கு குறித்த எந்த விவரமும் இல்லாத நிலையிலும், சமூக ஊடகப் பதிவையும் பிரசாரத் தரப்பின் உறுதிமொழியையும் நம்பி மரணச் செய்தி வெளியானது. சரிபார்ப்பில் இருந்த இந்த இடைவெளியைப் பயன்படுத்தியே பிரசாரம் பரவியது.

14 வயதுச் சிறுமியருக்கு இத்தடுப்பூசியைப் படிப்படியாகச் செலுத்தும் திட்டத்தை 2025 மார்ச் பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்தது. இத்தகைய திட்டங்களின் வெற்றி, மகளை அழைத்துவரும் பெற்றோரின் முடிவில் அடங்கியிருக்கிறது. தாங்கள் கேள்விப்பட்டது உண்மைதானா என்று அவர்கள் ஐயுறுவதற்குக் காரணமாகும் எந்தப் பிரசாரமும், எவ்வளவு பேரைச் சென்றடைந்திருந்தாலும், நோய்த்தடுப்புப் பணியைப் பின்னோக்கியே இழுக்கும்.