நாற்றோடு நடப்படும் களை

களையெடுக்கக் கூலி கொடுத்த பிறகும், கதிர் வரும் தருணத்தில் நெல்லுக்கு மேலே தலைநீட்டி நிற்கும் குதிரைவாலிப் புல்லைப் பல வயல்களில் காணலாம். ஆட்கள் சரியாக எடுக்கவில்லை என்று குறை சொல்வது வழக்கம். ஆனால் தவறு பெரும்பாலும் நாற்றங்காலிலேயே தொடங்கிவிடுகிறது. இளம் புல் நெல் நாற்றைப் போலவே இருப்பதால், அதையும் சேர்த்துப் பறித்து, முடி கட்டி, விவசாயியே வயலில் நட்டுவிடுகிறார். குத்துக்குள் வளரும் அந்தப் புல் களைக்கருவிக்கும் சிக்காது.

அடையாளம் எளிது. இலையும் இலையுறையும் சேரும் இடத்தைப் பார்க்க வேண்டும். நெல்லுக்கு அங்கே நாக்குப் போன்ற மெல்லிய சவ்வும், இருபுறமும் மயிருள்ள காது போன்ற உறுப்பும் இருக்கும். குதிரைவாலிப் புல்லுக்கு இவை இரண்டும் இல்லை. பல செடிகளில் தண்டின் அடி செந்நிறமாகவும் இருக்கும்.

இது ஓராண்டுப் புல். விதையை நம்பியே பிழைக்கிறது. ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை தரும். நெல் அறுவடைக்கு முன்பே பெரும்பகுதி உதிர்ந்து, மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மீதி விதைநெல்லோடு கலந்து மறுபடி நாற்றங்காலுக்கே வந்து சேரும்.

ஆகவே விதைநெல்லைச் சுத்தம் செய்வதும், நாற்றுப் பறிக்கும்போதே புல்லைப் பிரித்தெறிவதும் முதல் வேலையாக வேண்டும். நாற்று வேர்பிடித்தபின் வயலில் நீர் கட்டி நின்றால் புதிய விதைகள் முளைப்பது குறையும். தப்பியவற்றைக் கதிர் முற்றுமுன் பிடுங்கிவிட வேண்டும். மாட்டுக்குத் தீவனமாகவும் ஆகும். இந்தப் போகத்தில் விதைக்க விட்ட புல்லுக்கு, வரும் பல போகங்களில் கூலி கொடுக்க நேரும்.