திரையில் 10, புல்லியில் 16

டைனோ உருளையில் வண்டியைக் கட்டியாயிற்று. முன்னால் பெரிய மின்விசிறி சுற்றுகிறது, லேப்டாப்பில் இக்னிஷன் மேப் திறந்திருக்கிறது, வண்டிக்காரர் கைபேசியோடு ஓரமாக நிற்கிறார். இந்த நேரத்தில் டைமிங்கை 10 டிகிரியில் பூட்டிவிட்டு, கிராங்க் புல்லியில் டைமிங் லைட் அடித்துப் பார்க்கிறவர்கள் நம் தொழிலில் இன்னும் குறைவாகவே இருக்கிறார்கள். லைட் 16 காட்டினால் அந்த மேப்பின் எல்லாக் கட்டங்களும் 6 டிகிரி பொய். 14 என்று நம்பிக் கொடுப்பது சிலிண்டருக்குள் 20 ஆகிவிடும். டர்போ 1 பார் தள்ளும்போது பிஸ்டனின் ரிங் லேண்டை உடைக்க அந்த 6 டிகிரி தாராளம்.

தனி இசியூ மாட்டும்போது கிராங்க் சென்சார் ஆஃப்செட்டை வேறொரு வண்டியின் ஃபைலிலிருந்து அப்படியே எடுத்துப் போடுவதால்தான் இந்தப் பிழை பெரும்பாலும் வருகிறது. அதே மாடல், அதே இன்ஜின் என்றாலும் சென்சார் பிராக்கெட்டையோ பல்சக்கரத்தையோ யாராவது மாற்றியிருந்தால் கணக்கு கெட்டுவிடும்.

புல்லியிலுள்ள கோட்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. டேம்பர் புல்லியின் வெளிவளையத்தை ரப்பர்தான் பிடித்திருக்கிறது. பழைய இன்ஜினில் அந்த ரப்பர் தளர்ந்து வளையம் மெல்ல நகரும். கோடும் கூடவே நகரும். சந்தேகம் வந்தால் எல்லா பிளக்குகளையும் கழற்றி, முதல் சிலிண்டரில் பிஸ்டன் ஸ்டாப்பரை முறுக்கி, கிராங்க்கைக் கையால் ஒரு பக்கம் மெதுவாகச் சுற்ற வேண்டும். பிஸ்டன் முட்டிய இடத்தில் ஒரு கோடு. மறுபக்கம் சுற்றி, முட்டிய இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் சரிபாதிதான் உண்மையான டாப் டெட் சென்டர். அரை மணி நேர வேலை. ஸ்டார்ட்டரை மட்டும் தொடவே கூடாது.

பிறகு ஐடிலில் ஒரு முறை, 4,000 ஆர்பிஎம்மில் ஒரு முறை லைட் அடிக்க வேண்டும். பூட்டிய டைமிங் வேகத்தோடு நகர்ந்தால் அது சென்சார் தாமதம்; இசியூவில் அதைத் திருத்த இடமிருக்கிறது. பிளக்கின் மேலேயே காயில் உட்காரும் இன்ஜின்களில் இடையே ஒரு நீள ஒயர் போட்டு, அதில் லைட்டின் கிளிப்பை மாட்டலாம்.

குறி சரியான பிறகுதான் மேப். ‘ஒரு பிஎஸ்ஐ பூஸ்டுக்கு ஒரு டிகிரி குறை’ என்ற வாய்ப்பாடு இன்னும் புழங்குகிறது. தொடங்கும் இடமாக அது இருக்கட்டும், முடியும் இடமாக வேண்டாம். அறையின் வடிவம், கம்ப்ரஷன், பெட்ரோல், உள்ளே வரும் காற்றின் சூடு எல்லாமே அந்தக் கணக்கை மாற்றும். பூஸ்ட் இல்லாத கட்டங்களில் டிகிரியை ஏற்றிக்கொண்டே போனால் டார்க் முதலில் நன்றாக ஏறும், பிறகு கொஞ்சமாக, பிறகு நின்றுவிடும். அந்த மேட்டின் முன்விளிம்பில் நின்றுகொள்வதே சரி. அதற்கு மேல் ஏற்றும் டிகிரியால் சக்தி கூடாது, சிலிண்டர் அழுத்தம்தான் கூடும். பூஸ்டில் சாதாரண பெட்ரோலோடு அந்த மேட்டை எட்டுவதற்கு முன்பே பல இன்ஜின்கள் தட்டத் தொடங்கிவிடும். அதிலும் உச்ச டார்க் வரும் ஆர்பிஎம்மில்தான் ஆபத்து அதிகம். சிலிண்டர் மிக நன்றாக நிரம்புவது அங்கேதான்.

நாக் சென்சார் இருக்கிறதே என்று துணிவது தவறு. 86 மில்லிமீட்டர் போர் கொண்ட டொயோட்டாவின் 2ஜேஇசட் போன்ற இன்ஜினில் தட்டல் ஏறக்குறைய 6,700 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். சென்சாரை வேறு அலைவரிசைக்கு அமைத்திருந்தால் வால்வ் சத்தத்துக்கும் தட்டலுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. சாப் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் கொண்டுவந்த ஏபிசி அமைப்பு தட்டலைக் கேட்டதும் பூஸ்டைத்தான் குறைத்தது. இன்றைக்கும் அது நல்ல பாடம். எல்லாவற்றையும் டைமிங்கைப் பின்னிழுத்தே சமாளித்தால் எக்ஸாஸ்ட் சூடேறி, வால்வும் டர்பைனும் அந்தச் சூட்டைத் தாங்க வேண்டியிருக்கும்.

பிளக்கையும் படியுங்கள். முழு பூஸ்டில் ஓட்டி, உடனே அணைத்துக் கழற்றிய பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் போலக் கறுப்புப் புள்ளிகளோ, பளபளக்கும் அலுமினியத் துகள்களோ தெரிந்தால் லேப்டாப் என்ன காட்டினாலும் டிகிரியைக் குறைத்தே ஆக வேண்டும்.

நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. 100 ஆக்டேன் ஊற்றி, காலைக் குளிரில், பானெட்டைத் திறந்து வைத்துப் போட்ட மேப், மே மாதம் நெரிசலில் நின்று இன்டர்கூலர் கொதித்த வண்டிக்குப் பொருந்தாது. இ20 வந்தபின் சாதாரண பெட்ரோலே 91இலிருந்து 95 ஆக்டேனுக்கு உயர்ந்திருப்பது நமக்கு உதவிதான். ஆனாலும் வழியில் கிடைக்கிற பங்க்கில் போடப்போகும் பெட்ரோலுக்குத்தான் மேப் போட வேண்டும். காற்றுச் சூட்டுக்கேற்ப டைமிங்கைக் குறைக்கும் அட்டவணையை வெறும் பூஜ்யங்களோடு விட்டு வண்டியை அனுப்பக் கூடாது.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். டைனோ வரைபடத்தோடு வண்டிக்காரருக்குத் தரும் தாளில் பூட்டிய டைமிங்கில் லைட் காட்டிய அளவையும், எந்தப் பெட்ரோலில் டியூன் செய்தீர்கள் என்பதையும் உங்கள் கையாலேயே எழுதிக் கொடுங்கள். அடுத்து அந்த இன்ஜினைத் திறக்கப்போகிறவருக்கு குதிரைத்திறன் எண்ணைவிட அந்த இரண்டு வரிகள்தான் உதவும்.