மின்னூல் யாருக்கு?

“மின்னூல் வெளியிட்டுவிட்டோம்” என்று மார்தட்டுகின்றனர் சில பதிப்பாளர்கள். அவர்கள் தந்ததென்ன? சொற்செயலிக் கோப்பைப் பி.டி.எஃப். ஆக்கிய வெறும் அச்சுப்பக்கம்! எஹலியகொட இறப்பர்த் தோட்டத்து லயக்காம்பராவில் கைத்தொலைபேசியிற் படிக்கும் மாணவி, ஒவ்வொரு வரியையும் இடமும் வலமும் இழுத்து அல்லற்பட வேண்டும். இதுவா மக்களுக்கான நூல்?

இ-பப் வடிவமோ திரைக்கேற்ப வரிகளை மடித்துத் தரும். எழுத்தைப் பெரிதாக்கினாலும் வாசிப்புக் குலையாது. அதற்கு வேண்டுவது பெரும்பொருளன்று, ஒழுங்கே. கோப்பில் தலைப்புகளுக்குத் தலைப்புப் பாணி இட்டால் உள்ளடக்கம் தானே அமையும். பாமினியில் உள்ளதை ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். பாமினி, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி அணிவிப்பது. முகமூடி கழன்றால் மின்னூலில் எஞ்சுவது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே. எஞ்சிய வேலையைக் கலிபர் என்னும் இலவச மென்பொருள் முடித்துவிடும்.

“யார் இவ்வளவு உழைப்பது?” என்பர். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பல நாட்டுத் தமிழர் ஊதியமின்றித் தட்டச்சிட்டே நம் இலக்கியங்களை உலகுக்கு வழங்கினர் அன்றோ?

தோட்டத் தொழிலாளரைப் பற்றி எழுதிய நூலை அவர்தம் பிள்ளைகளே படிக்க இயலாதெனில், அந்த முற்போக்கு யாருக்கு? ஆசிரியர்களே, மாணவர்களே! எழுதியோரின் இசைவைப் பெறுங்கள். கணினிகளில் உறங்கும் கோப்புகளை மக்கள் கைகளில் சேருங்கள்!